கொழும்பு ஈரத்தில் ஒரு வயலினுக்கு வார்னிஷ்

கேள்வி சுருக்கமாக இதுதான். வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தம்பி ஒன்றரை வருடமாக இரவுகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் குந்தியிருந்து ஒரு வயலின் செய்து முடித்திருக்கிறார். முன்பலகை ஸ்ப்ரூஸ், பின்பலகையும் விலாவும் கழுத்தும் மேப்பிள், விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் வச்சிரப் பசையால் ஒட்டியது. இன்னும் பூச்சு எதுவும் ஏறாத வெள்ளை மரமாகவே நிற்கிறது. பழைய சோனகத் தெருவில் ஒரு கடைக்காரர் "பொலியுரித்தேன் எடுங்கோ, ரெண்டு கோட் போதும், கண்ணாடி மாதிரி வரும்" என்று ஒரு டின்னைக் கையில் கொடுத்துவிட்டார். தங்கை அதைத் தைப்பொங்கல் நிகழ்ச்சியில் வாசிக்க வேண்டுமாம். இப்போது ஒக்டோபர் கடைசி. அதைப் பூசலாமா, வேறு எதைப் பூசுவது, பழைய வயலின்களில் இருக்கும் அந்தச் செம்பழுப்பு நிறம் எப்படி வரும், சத்தம் கெட்டுப்போகுமா?

தம்பி, முதலில் இரண்டு விஷயம். டின்னைத் திறக்காதீர்கள். கடைக்காரர் திருப்பி எடுத்தால் கொடுத்துவிடுங்கள். அடுத்தது, பொங்கலுக்கு முன் வார்னிஷ் பூசவே வேண்டாம். தங்கை வாசிக்கலாம், அதற்கு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். நான் கொட்டாஞ்சேனையில் இருபது வருடத்துக்கு மேலாக வாத்தியம் திருத்துகிறவன். அப்பா தளபாடங்களுக்குப் பொலிஷ் போட்டவர். நாங்கள் இருவரும் சேர்ந்து பழுதாக்கிய மரத்தைக் கொண்டு ஒரு சின்ன வீடே கட்டலாம். கீழே எழுதுவதில் பாதி அப்படிக் கற்றதுதான்.

கொழும்பில் வார்னிஷ் எப்போது காயும் என்பதை டின்னில் ஒட்டிய லேபிள் தீர்மானிப்பதில்லை, வானம்தான் தீர்மானிக்கிறது. இங்கே காற்றின் ஈரப்பதம் வருடத்தின் பெரும்பகுதி 75, 80 வீதத்தில் நிற்கும். ஏப்ரல், மே ஒரு மழை உச்சம், ஒக்டோபர், நவம்பர் இன்னொன்று. ஜனவரியும் பெப்ரவரியும்தான் கொஞ்சம் மூச்சு விடும். காய்ச்சலுக்கு நெற்றியில் ஓடிக்கொலோன் தடவினால் குளிர்கிறது அல்லவா, ஸ்பிரிட்டில், அதாவது மதுசாரத்தில், கரைத்த வார்னிஷும் ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்பை அப்படித்தான் குளிர வைக்கும். குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் வந்து படியும். அந்த நீர் படலத்துக்குள் சிக்கினால் மேல்பக்கம் பால் தெளித்தது போல வெளுத்துவிடும்.

எனக்கு இது ஒரு நவம்பர் மாலையில் நடந்தது. அடுத்த நாள் கொடுக்க வேண்டிய மேண்டலின். மழை விட்டுவிட்டதே என்று ஏழு மணிக்கு கடைசிப் பூச்சு போட்டேன். அரை மணித்தியாலத்தில் முன்பலகை வெண்மேகம் பூண்டது. போதாததற்கு, மழைக்குப் பிறகு கிளம்பும் ஈசல் விளக்கைத் தேடி வந்து ஈரப் பூச்சில் பதினைந்து இருபது ஒட்டிக்கொண்டன. இறகை ஒவ்வொன்றாக ஊசியால் எடுத்தேன். வெளுத்ததற்கு மருந்து உண்டு: இரண்டு மூன்று வறண்ட நாள் காத்திருந்து, சுத்தமான ஸ்பிரிட்டைத் துணியில் மிகக் குறைவாக எடுத்து ஒரே ஒரு தடவை மேலாக இழுத்தால் பெரும்பாலும் தெளியும். ஈசலுக்கு அப்படி ஒரு மருந்தும் இல்லை, முழுவதையும் சுரண்டித் திரும்பப் பூசினேன்.

ஆகவே ஒரு சின்ன ஈரமானி வாங்குங்கள். 65க்குக் கீழே இருந்தால் தாராளமாகப் பூசலாம், 70 வரை கவனமாக, அதற்கு மேல் போனால் பிரஷைத் தொடவே வேண்டாம். நல்ல நாளில் முற்பகல் பதினொன்றிலிருந்து பிற்பகல் மூன்று வரைதான் நமக்கான நேரம். 'ஏசி அறையில் பூசினால் என்ன?' என்று கேட்பீர்கள். பூசலாம், ஏசி ஈரத்தை இழுத்துவிடும். ஆனால் குளிர்ந்த வயலினை உடனே வெளியே கொண்டு வந்தால் குளிர்பானப் போத்தல் போல வேர்க்கும். பூசியதை அங்கேயே காயவிடுங்கள், பிறகு ஏசியை நிறுத்தி அறை தானாகச் சூடான பின் எடுங்கள். நான் செய்வது இன்னும் மலிவு. புத்தகமும் கமராவும் பூஞ்சணம் பிடிக்காமல் அலுமாரிக்குள் ஒரு குண்டு பல்பு எரிய வைப்பார்களே, அதே மாதிரிப் பழைய அலுமாரி ஒன்றுக்குள் கீழே ஒரு 40 வொட் பல்பு, மேலே கொக்கியில் வயலின். தூசியும் வராது, ஈசலும் வராது. மெரைன் டிரைவ் பக்கமாக யன்னல் இருந்தால் அதை மூடியே வையுங்கள். கடற்காற்றின் உப்பு மரத்தில் படிந்தால் அது ஈரத்தைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

இனி அந்த டின். பொலியுரித்தேன் கெட்ட சாமான் இல்லை. கதவுக்கும் மேசைக்கும் அருமையானது, தொழிற்சாலையில் செய்யும் கிற்றார்கள் பலவற்றிலும் அந்த வகைப் பூச்சுத்தான். ஆனால் வயலின் என்பது திறக்கப்படுவதற்காகவே ஒட்டப்பட்ட வாத்தியம். வச்சிரப் பசை கொழும்பு ஈரத்தில் எங்காவது ஒரு விளிம்பில் விடும், அல்லது முன்பலகையில் ஒரு வெடிப்பு வரும், அப்போது யாரோ ஒருவர் கத்தியை விட்டுத் திறந்து, திருத்தி, மூடி, விளிம்பில் மட்டும் நிறம் தொட வேண்டியிருக்கும். நான் பின்னால் சொல்லப்போகும், ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு வார்னிஷ் என்றால் புதுப் பூச்சு பழையதைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும், ஒட்டுப்போட்ட இடம் தெரியாது. பொலியுரித்தேன் ஒருமுறை இறுகினால் எதிலும் கரையாது. மேலே பூசினது மேலேயே நிற்கும், ஓரம் தெரியும். அது தடித்த தோலாகவும் படியும். கண்ணாடி மாதிரி என்று கடைக்காரர் சொன்னது சரிதான், கண்ணாடிக்குள் இருந்து பாடுவது போலவும் இருக்கும்.

சத்தத்தைப் பற்றிக் கேட்டீர்கள். முன்பலகை பெரும்பாலான இடங்களில் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. அதன் மேல் எது ஏறினாலும் அது எடை, அது தடை. மெல்லியதாகப் பூசினால் காதுக்குத் தெரிகிற அளவு மாற்றம் சிறிது, முதல் சில வாரம் கொஞ்சம் மந்தமாக இருந்து பிறகு தெளியும். வார்னிஷில் மந்திரம் இருப்பதாக நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஸ்ட்ராடிவாரியின் வார்னிஷ் பற்றி எவ்வளவு கதை! பாரிஸ் இசை அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய ஐந்து கருவிகளை ஜோன் பிலிப் எஷார் என்ற ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் நுண்மையாகச் சோதித்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். மரத்துக்குள் கொஞ்சம் ஊறிய உலரும் எண்ணெய், அதற்கு மேல் எண்ணெயும் பைன் பிசினும் சேர்ந்த மெல்லிய படலம், சிலவற்றில் அதற்குள் சிவப்பு நிறமிகள். அவ்வளவுதான். அந்தக் காலத்து ஓவியர்களின் மேசையில் கிடந்த சாமான்கள்தான் எல்லாம். நாம் வில்லுக்குப் போடும் ரோசினும் பைன் பிசின்தான்.

அப்படியானால் நாமும் எண்ணெய் வார்னிஷ் பூசுவோமே என்று தோன்றும். அழகு என்று பார்த்தால் அதுதான் முதல். ஆனால் அது ஆவியாகிக் காய்வதில்லை, காற்றையும் வெளிச்சத்தையும் எடுத்து இறுகுவது. புறஊதாக் குழல் விளக்கு வைத்த பெட்டி இல்லாமல், மூடிய வானத்தில், மாடி வீட்டில் அது வாரக்கணக்கில் பிசுபிசுக்கும். காலி வீதித் தூசி முழுக்க அதில்தான் குடியிருக்கும். முதல் வயலினுக்கு வேண்டாம். வீட்டில் பிசினும் எண்ணெயும் அடுப்பில் காய்ச்சுவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். லின்சீட் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், இது கதை இல்லை. தண்ணீரில் நனைத்து வெளியே விரித்துப் போடுங்கள். தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று உங்களிடமும் யாராவது ஒரு மாமா கேட்டிருப்பார். தேங்காய் எண்ணெய் ஒருநாளும் காயாது. மரத்துக்குள் போய் அப்படியே இருந்து காறல் மணக்கும், பிறகு அதன் மேல் எந்த வார்னிஷும் பிடிக்காது.

சரி, பொங்கலுக்கு வருவோம். வெள்ளை மரமாகவே தந்தி பூட்டி வாசியுங்கள். வயலின் செய்கிறவர்கள் பலர் வார்னிஷுக்கு முன் அப்படித்தான் கேட்டுப் பார்ப்பார்கள். ஏதாவது பிழை இருந்தால் இப்போது திறப்பது லேசு. வெறும் மரத்தில் வியர்வை ஊறிவிடும் என்பதால் வறண்ட ஒரு நாள் பார்த்து மெல்லிய அரக்குக் கரைசல் ஒரு தடவை, அடுத்த நாள் இன்னொரு தடவை துணியால் துடைத்து விடுங்கள். அது அடிப்பூச்சு, எப்படியும் பூச வேண்டியதுதான். மேடையில் வயலின் வெளிறித் தெரியும். யாராவது கேட்டால் புது வயலின் என்று தங்கை சொல்லட்டும்.

அந்த அடிப்பூச்சுக்கு முன் மரத்தைத் தயார் செய்வதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. வார்னிஷ் எதையும் மறைக்காது. வெள்ளை மரத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கூட நிறம் ஏறியதும் எழுத்துப் போலத் தெரியும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு டோர்ச்சைப் பலகையோடு சரித்துப் பிடியுங்கள், அப்போது தெரியும் எவ்வளவு கீறல் என்று. மேப்பிளுக்குச் சுரண்டுதகடுதான் நல்லது. அந்தக் காலத்து ஓடாவிமார் உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டுவார்கள், இன்றைக்கும் அது வேலை செய்யும், விரலைக் கவனியுங்கள். பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து நாரை எழும்ப விடுங்கள். காய்ந்ததும் 320, அப்புறம் 400 சாண்ட்பேப்பரால் எழும்பியதை மட்டும் மெல்ல வெட்டிவிடுங்கள். ஸ்ப்ரூஸை மினுக்காதீர்கள், அதன் நார் கொஞ்சம் தெரிந்தால்தான் அழகு. ஒட்டுப்பசை வழிந்து துடைத்த இடங்கள் இன்னொரு பொறி. அங்கே நிறம் ஏறாமல் வெளிறிய திட்டாக நிற்கும். புறக்கோட்டையில் நோட்டுச் சோதிக்கும் நீல லைட் விற்கிறார்களே, அதை இருட்டில் அடித்துப் பாருங்கள், பசை இருக்கும் இடம் வெளிறி ஒளிரும். அதைச் சுரண்டி எடுக்காமல் மேலே போகாதீர்கள்.

நிறம் ஏற்றுவதற்கு முன் மரம் பொன்னிறம் கொள்ள வெயிலில் தொங்கவிடுவது பழைய பழக்கம். நம்முடைய நண்பகல் வெயில் அதற்குக் கொஞ்சம் அதிகம். ஒட்டு இளகும், பலகை வளையும். காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரை, ஜனவரியில் இரண்டு மூன்று வாரம் தொங்கினால் போதும். மழை இருட்டினால் ஓடிப்போய் எடுக்க வீட்டில் ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நிறத்தில்தான் பெரும்பாலானவர்கள் வழுக்கி விழுவது. ஸ்டெயினை நேரே ஸ்ப்ரூஸில் பூசாதீர்கள். மென்மையான நார் அதிகம் குடிக்கும், கடினமான நார் குடிக்காது, வெட்டுமுகம் இருக்கும் இடமெல்லாம் கரி பிடித்தது போலக் கறுக்கும், முழுப்பலகையும் திட்டுத்திட்டாகிவிடும். சுரண்டினாலும் போகாது, உள்ளே இறங்கியிருக்கும். முதலில் நிறமில்லாத அரக்கால் மரத்தை மூடிவிட்டு, நிறத்தை வார்னிஷுக்குள் கலந்து, படலம் படலமாக ஏற்றுங்கள். ஸ்பிரிட்டில் கரையும் சாயம் வாங்குங்கள். முதல் இரண்டு பூச்சு மஞ்சள் சாய்வு, அடுத்தது செம்பழுப்பு, கடைசியில் தேவையானால் ஒரு துளி கறுப்பு. வீட்டு மஞ்சள்தூளை ஸ்பிரிட்டில் கரைத்தால் தங்கம் போல வரும், மயங்கிவிடாதீர்கள், வெளிச்சம் பட்டால் அது சீக்கிரமே வெளுத்துவிடும். வீணைக்காரர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. பலாமரத்தின் வைரம் தானாகவே மஞ்சள், வருடம் போகப் போகத் தானாகவே பழுப்பேறும். அந்தப் பலா மரச் சாயத்தில்தான் பிக்குமாரின் காவியும் தோய்ந்தது.

இனி வார்னிஷ். அரக்குப் பூச்சியின் பிசின்தான் அடிப்படை. அஞ்சல் முத்திரைக்கு உருக்கியதும், மாத்தளைப் பக்கத்தில் நகத்தால் இழைத்துக் கோலும் பெட்டியும் அலங்கரிக்கிறதும் அதே அரக்குத்தான். நாட்டு மருந்துக்கடையில் கொம்பரக்கு கிடைக்கும், ஆனால் அது குச்சியும் பூச்சியும் சாயமுமாக இருக்கும், வடித்து வடித்து அலுத்துவிடும். மெழுகு நீக்கிய செதில் அரக்கு வாங்குங்கள். 100 மில்லிலிட்டர் ஸ்பிரிட்டுக்கு 20 கிராம் செதில், கண்ணாடிப் போத்தலில் போட்டு அடிக்கடி குலுக்கி ஒரு நாள் விடுங்கள், மெல்லிய துணியில் வடியுங்கள். அடிப்பூச்சுக்கு இதையே இன்னொரு மடங்கு ஸ்பிரிட் ஊற்றி இளக்கிக்கொள்ளலாம். ஒரு நாள் கழித்தும் அடியில் ஜெலி போலக் கிடந்தால் செதில் பழசு, எறிந்துவிடுங்கள். கொழும்பு வெக்கையில் செதில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும், காற்றுப் புகாத டப்பாவில் குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள்.

ஸ்பிரிட் 95 வீதத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். பார்மசியில் காயம் துடைக்க விற்பதில் தண்ணீர் அதிகம், கரைசல் கலங்கிவிடும். சாராயத்தில் கரைக்கலாமா என்று ஒருவர் என்னிடம் நேர்மையாகவே கேட்டார். அதில் பாதிக்கு மேல் தண்ணீர், அரக்கு கரையாது, சாராயமும் வீண். போத்தலை எப்போதும் இறுக்கி மூடுங்கள், ஸ்பிரிட் நம் காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். மெதனோல் கலந்த ஸ்பிரிட் என்றால் யன்னல் திறந்த அறையில் கையுறையோடு வேலை செய்யுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது, நுளம்புச் சுருளும் நெருப்புத்தான்.

வெறும் அரக்கு கொஞ்சம் நொறுங்கும் தன்மை உடையது. நான் அதில் அரக்கின் எடையில் பத்தில் ஒரு பங்கு சாம்பிராணி சேர்ப்பேன். படலத்துக்கு இளக்கமும் மினுக்கமும் தரும். இப்போது கடைகளில் கிண்ணமாக விற்கும் கரிச் சாம்பிராணி இல்லை, பிசினாக வரும் உண்மையான சாம்பிராணி. புறக்கோட்டை கேபோஸ் லேன் மருந்துக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். குங்கிலியத்தை வாங்கி வந்துவிடாதீர்கள், அது ஸ்பிரிட்டில் சரியாகக் கரையாது, அதற்கு டர்பன்டைன் வேண்டும். அப்பா சாம்பிராணி போட்டுப் பொலிஷ் செய்த நாட்களில் பட்டறை முழுக்க வெள்ளிக்கிழமை மணம்.

பூசும்போது மென்மையான தட்டைப் பிரஷ், நீர்வண்ண ஓவியத்துக்குப் பாவிப்பது போன்றது. குறைவாகத் தோயுங்கள். ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஒரே இழுப்பு, திரும்பிப் போகாதீர்கள். திரும்பிப் போனால் கீழே உள்ளது கரைந்து இழுபடும். விட்டுப்போன இடத்தை அடுத்த பூச்சில் பார்த்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு இரண்டு, மொத்தம் எட்டுப் பத்துப் பூச்சு. மூன்று நான்கு பூச்சுக்கு ஒருமுறை ஒரு முழு நாள் விட்டு 600 தாளால் மேடுகளை மட்டும் சமன் செய்யுங்கள். ஓரங்களில் கை வைக்காதீர்கள், அங்கேதான் நிறம் முதலில் கழன்று வெள்ளை தெரியும். எஃப் துளைகளுக்குள் வார்னிஷ் வழிந்து துளி தொங்காமல் பாருங்கள். உள்பக்கம் எதுவும் பூச வேண்டாம். கடைசிப் பூச்சுக்குப் பிறகு பத்து நாளாவது விட்டு மினுக்கலாம். பஞ்சிகாவத்தையில் வாங்கும் கார் பொலிஷில் சிலிக்கோன் இருந்தால் அதைத் தொடாதீர்கள், பின்னாளில் அதன் மேல் பூசும் எதுவும் மீன்கண் போலக் குழி விழும்.

கழுத்துக்கு இந்தப் பூச்சு வேண்டாம். கர்நாடக முறையில் கை மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கும், பலர் விரலுக்கு எண்ணெயோ பவுடரோ தொட்டுக்கொள்வார்கள், பூசிய கழுத்து ஒட்டும். மெல்லிய அரக்கை இரண்டு தடவை துடைத்து, நன்றாகத் தேய்த்து விடுங்கள். விரல்பலகை கருங்காலி, அதற்கும் தந்தியைத் தாங்கும் குதிரைக்கும் பூச்சு ஒன்றுமே இல்லை. (வயலின் உலகத்தில் இலங்கைக் கருங்காலிக்கு ஒரு காலத்தில் தனி மதிப்பு. இன்று அந்த மரத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது.) உட்கார்ந்து வாசிக்கும்போது பின்பலகை நெஞ்சில் படும், சுருள் தலை காலில் ஊன்றும். அந்த இரண்டு இடமும் முதலில் தேயும், அங்கே மட்டும் கூடுதலாக ஒரு பூச்சு விடலாம். கைச் சுத்திகரிப்பான் போட்ட கையோடு தொடவே கூடாது. 2020க்குப் பிறகு என்னிடம் வந்த வயலின்களில் தோள்பக்கத்தில் விரல் அடையாளம் அச்சாகப் பதிந்தவை பல, அதிலும் ஸ்பிரிட்தானே இருக்கிறது.

பூசி முடித்து ஒரு மாதமாவது வெளியே தொங்கட்டும். கையில் ஒட்டவில்லை என்று பதினெட்டாம் நாள் நான் ஒரு வயலினைப் பெட்டிக்குள் வைத்தேன். அடுத்த வாரம் திறந்தபோது பின்பலகை முழுக்க வெல்வெட்டின் நெசவு பதிந்திருந்தது. ஜனவரி நடுவில் தொடங்கினால் உங்களுக்கு மார்ச் கடைசிக்குள் எல்லாம் முடியும், சித்திரை மழைக்கு முன் பெட்டியில் இருக்கும்.

இதையெல்லாம் வயலினில் தொடங்காதீர்கள். வெட்டி மிஞ்சிய ஸ்ப்ரூஸ் துண்டு ஒன்று, மேப்பிள் துண்டு ஒன்று, இரண்டிலும் அடியிலிருந்து கடைசிவரை ஒவ்வொரு பூச்சையும் ஒரு நாள் முன்னால் பூசிப் பாருங்கள். எந்தப் பூச்சில் என்ன எவ்வளவு கலந்தீர்கள் என்று ஒரு கடதாசியில் எழுதி, அந்தத் துண்டுகளோடு வயலின் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். ஏழெட்டு வருடம் கழித்து விளிம்பு விட்டு அது திருத்த வரும்போது, திறக்கிறவன் நானாகவும் இருக்கலாம்.